அவள் முன்வரிசையில்தான் உட்காருவாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், கொஞ்சம் கோபத்தோடு நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? குழந்தைக்கு இருமல் விட்டதா? மாப்பிள்ளை அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பதாகக் கேள்வி. நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்.

அன்றைக்குப் போனில் நீ சொன்னதற்கு நான் பதில் பேசவில்லை. வாயைத் திறந்தால் சண்டையாகியிருக்கும், அதனால்தான் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ உனக்குப் பாதிக் கதை சொல்லியிருக்கிறார்கள், முழுசையும் நான் சொல்கிறேன் கேள். நம் குடியிருப்பில் மாடிப்படி துடைக்கிறவளை உனக்குத் தெரியாது, நீ ஊரை விட்டுப் போன பிறகு வேலைக்கு வந்தவள், நாற்பது வயதிருக்கும். சாயங்காலம் நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில்தான் அவளுக்கு நம் மாடியில் வேலை. ஒருநாள் கதவுக்கு வெளியே ஒரு குரல் கூடவே பாடியது. நல்ல குரல் என்று பொய் சொல்லமாட்டேன், சுருதி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். ஆனால் அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. கதவைத் திறந்தேன். ஈரத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “சும்மா முனகினேன் டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க” என்றாள். முனகாதே, உள்ளே வந்து வாய்விட்டுப் பாடு என்று சொல்லி முன்வரிசையில் உட்காரவைத்தேன். புதிதாக வருகிறவர்கள் முன்னால் இருந்தால்தானே என் வாயசைவு தெரியும், உன்னையும் அப்படித்தானே உட்காரவைத்தேன்.

அடுத்த வாரமே குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டம்மா வந்தார். அவளுக்குத் தனியாக வேறு நேரத்தில் சொல்லிக்கொடுங்களேன், பிள்ளைகளோடு ஒரே பாயில் எதற்கு என்று இனிக்க இனிக்கச் சொன்னார். உட்கார்ந்தால் என்ன என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாததா என்றார். தெரியாது, நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றன, ஒன்றுக்குக் காய்ச்சல், ஒன்றுக்குப் பரீட்சை, ஒன்றுக்குத் திடீரென்று நீச்சல் வகுப்பு. மிஞ்சியது லிப்ட் மெக்கானிக்கின் இரட்டைப் பெண்களும் அவளும்தான். தன்னால் என் பிழைப்பு கெடுகிறது, நின்றுகொள்கிறேன் என்று அவள் அழுதாள். நீ நின்றால் நானும் பாட்டை நிறுத்திவிடுவேன், சம்மதமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

சங்கத்து ஆண்டுவிழாவில் முதல் பாட்டு எப்போதும் என்னுடையதுதானே. இந்த வருஷமும் கூப்பிட்டார்கள், மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடை ஓரத்தில் செயலாளர் என்னைத் தனியே அழைத்து, நீங்கள் மட்டும் பாடினால் போதும் என்றார். “நாலு பேரும் சேர்ந்து பழகின பாட்டு சார், நாலு பேரும்தான் பாடுவோம்” என்றேன். மனுஷன் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். அணைத்தால் என்ன, நாம் என்ன கரண்டிலா பாடுகிறோம்? கீழே இறங்கி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று பாடினோம். பாதிப்பேர் எழுந்து போனார்கள், பாதிப்பேர் இருந்து கேட்டார்கள். அவள் இரண்டு இடத்தில் சுருதி விட்டாள், நான் ஓரிடத்தில் அடியை மறந்து விழித்தேன், இரட்டையரில் சின்னவள் எடுத்துக்கொடுத்தாள். பாட்டைக் கடைசி அடிவரை பாடிவிட்டுத்தான் நகர்ந்தோம்.

இதற்குத்தான் நீ என்னைச் சங்கத்தாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய். “அவளுக்குத் தனியா வேற நேரத்துல சொல்லிக்குடும்மா, யாருக்கும் வருத்தம் இருக்காது” என்றாயே, செயலாளர் வீட்டம்மா பேச்சு அப்படியே என் வயிற்றில் பிறந்தவள் வாயிலிருந்து வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கே போன புதிதில் ஆபீசில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், என்னை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை என்று அழுதாய். தட்டை எடுத்துக்கொண்டு போய் நடுவில் உட்காருடி என்றேன், நீயும் போய் உட்கார்ந்தாய். வேறு நேரத்தில் சாப்பிடு என்றா சொன்னேன்? உனக்கு நான் கொடுத்தது வெறும் சரிகமபதநி இல்லை மகளே. பக்கத்தில் எத்தனை பேர் உரக்கத் தப்பாகப் பாடினாலும் நம் சுருதியை விடக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்ததுதான். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பயப்படுகிறாய், சொல்லட்டும். சுருதிப்பெட்டியை இடுக்கிக்கொண்டு போக எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

பேத்திக்குப் பாட்டை ஆரம்பித்துவிடு, தள்ளிப்போடாதே. பக்கத்து வீட்டுப் பிள்ளை எதையாவது கூட வைத்துக்கொள், ஒண்டியாகப் பாடிப் பழகினால் அடுத்தவர் குரல் காதில் விழாமலே போய்விடும். மூவரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல், யாரையும் தலைகுனிய வைக்காமல் நூறாண்டு இருங்கள். மறக்காமல் ஒன்று, இனிச் சாயங்காலத்தில் போன் பண்ணாதே. மூன்று பேர்தான் வருகிறார்கள், ஆனாலும் வகுப்பு வகுப்புதான்.

உன்னைப் பெற்றவள்,
இன்றைக்கும் பாட்டு டீச்சர்,
அம்மா