பனிக்குக் கீழே, பனைக்குக் கீழே

என் சின்னண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு மாரி முடிந்துவிட்டது. லண்டன் எட்மண்டனில் உங்கள் வீட்டில் மச்சாள் இப்போது ஹீட்டரைக் குறைப்பதேயில்லை. "கொண்ணன் இருந்தா இதுக்கொரு பிரசங்கம் வைப்பார்" என்று உங்களைச் சொல்லிச் சொல்லியே அதைக் கூட்டி வைக்கிறார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அப்பாவுக்கு, பிறகு உங்களுக்கு, தலைக்குள் இரத்தக்குழாய் ஊதி வெடித்தது அல்லவா? எனக்குள்ளும் அப்படி ஒன்று ஊதிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். முன்பே தெரிந்தால் ஏதாவது செய்யலாம் என்கிறார் டொக்டர். இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அது ஒரு குழாய், அண்ணை. படுக்க வைத்து, முகத்தின்மேல் ஒரு கூட்டை மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைத் தருகிறார்கள். ஏலாவிட்டால் அதை அமத்த வேண்டும், உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். படுக்கை உள்ளே நகர்ந்ததும் மூக்குக்கு நேர் மேலே வெள்ளைக் கூரை. வீட்டிலும் வேலையிலும் எத்தனையோ பேரைச் சமாளிப்பவள் நான். அங்கே எனக்கு ஒன்பது வயதுதான். மேலே பொம்மர் விமானம் சுற்றுகிறது, ஊரில் நாம் ஒளிந்திருந்த பங்கர்க் குழியின் வாசலில் மண் சரிகிறது.

அன்றைக்கு நான் கத்தாமல் இருக்கத்தானே அந்தக் கதையைத் தொடங்கினீர்கள்? அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல், வடதுருவத்துப் பனிக்குக் கீழே போகிறது என்று. குண்டுச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது.

"பனைக்குக் கீழ கப்பலோ? அதுக்கு மேல ஆர் குத்தி அடுக்கினது?"

"மோட்டுப் பெட்டை, பனையில்லையடி, பனி! ஐஸ்! அவங்கள் பனிக்குக் கீழ, நாங்கள் பனைக்குக் கீழ."

தலைக்கு மேல் அடுக்கியிருந்த பனங்குற்றிகளை நிமிர்ந்து பார்த்து அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அதன்பிறகு லண்டனிலும் அதுதான் நமது பாஷை. ஆர்ச்வே கோயிலுக்குப் போகும்போது ரயில் சுரங்கத்துக்குள் நின்றால் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். "பிள்ளை, மேல பனி தடிப்பு. பொறு, இடைவெளி வரும்" என்பீர்கள். பிறகு தொடங்குவீர்கள். பழைய கப்பல்கள் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இதற்கு அது தேவையில்லை. துருவத்துக்குக் கிட்டப் போனால் திசைகாட்டி பிசகும். மேல்நோக்கி ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டுத்தான் பனியின் தடிப்பை அறிவார்கள். நீங்கள் முடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிடும்.

இரண்டாம் முறை ஓடி வந்த அன்று, மச்சாள் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் பிளாஸ்கோடு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தேத்தண்ணியை ஊற்றினார்.

"திரும்பி வந்திட்டியோ?"

"ஓம். எனக்கு ஏலாது, மச்சாள்."

"அதுக்கென்ன? அந்தக் கப்பலும் திரும்பித்தானே வந்தது."

"எந்தக் கப்பல்?"

"கொண்ணன்ர கப்பல்தான். உனக்குச் சொல்லேல்லையோ?"

நீங்கள் எனக்குச் சொன்ன கதையில் அது ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. மச்சாளுக்குச் சொன்னது வேறாம். ஆழமில்லாத கடலில் பனி கீழே தொங்கிக் கிடந்தது. மேலே பனி, கீழே கடலடி, நடுவில் நுழைய இடமில்லை. கப்டன் கப்பலைத் திருப்பினார். கோடை முற்றும்வரை காத்திருந்து மறுபடி போனார்கள். துருவத்தைக் கடந்தது அந்த முறைதான்.

"ஏன் எனக்கு மறைச்சவர்?"

"பங்கருக்குள்ள வைச்சு உனக்கு அதைச் சொல்லியிருந்தா, நானும் திரும்பிப் போறன் எண்டு வெளியில பாய்ஞ்சிருப்பியாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

நான் சிரிக்கவில்லை. உங்களுக்கும் அன்று பயமாக இருந்ததா, அண்ணை? எனக்கு நீங்கள் கதை சொன்னீர்கள், உங்களுக்கு யார் சொன்னார்கள்? உங்கள் தலைக்குள் பார்க்க எவரும் ஒலி அனுப்பவில்லையே.

ஒரு புதினமான செய்தி. அந்தக் கப்பல்கள் வழி தேடி அளந்த பனிக் கணக்குகள் வெகுகாலம் இராணுவ இரகசியமாக இருந்தனவாம். பிறகு வெளியே விட்டார்கள். துருவப் பனி எவ்வளவு மெலிந்துவிட்டது என்று இன்று விஞ்ஞானிகள் சொல்வது அவற்றையும் வைத்துத்தான். அன்று பயந்து பயந்து அளந்தது இன்று உதவுகிறது.

வியாழக்கிழமை மறுபடி போகிறேன். பந்தை அமத்த மாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய ஏலாது. அமத்தினால் தேத்தண்ணி குடித்துவிட்டு இன்னொரு நாளைக் குறித்துத் தரச் சொல்லிக் கேட்பேன். அந்தச் சத்தியம் செய்யலாம். படுக்கை உள்ளே நகரும்போது கதையை நானே எனக்குச் சொல்லப்போகிறேன், திரும்பி வந்த இடத்தையும் சேர்த்து.

பனைக்குக் கீழே உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த,
உங்கள் மோட்டுத் தங்கச்சி
வதனி