இரண்டு பல் தள்ளி மாட்டிய ஸ்டியரிங்

அண்ணே,

உங்கள் வீட்டு மேசைமேல் ஒரு இரும்புத் துண்டு கிடக்கிறது. பழைய லுங்கித் துணியில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, அரியமங்கலத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். துணியைப் பிரித்ததும் காய்ந்த கிரீஸ் வாசனை கூடம் முழுக்க அடித்தது.

"இது என்ன சித்தப்பா?" என்று கேட்டாள் உங்கள் மகள்.

"முதல்ல எழுதும்மா. அப்புறம் சொல்றேன்."

நீங்கள் போய், வருகிற புதன்கிழமையோடு ஒரு வருஷம். மாதா கோயிலில் பூசை, பிறகு வீட்டில் ஜெபம். அப்போது படிக்க உங்களைப் பற்றி நாலு வார்த்தை வேண்டும் என்று கூப்பிட்டாள். எனக்குக் கையெழுத்துகூட வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். டீச்சர் இல்லையா, என் பேச்சை அங்கங்கே திருத்தியும் கொள்கிறாள்.

"அப்பா வண்டி ஓட்டினதைச் சொல்லுங்க. அவருக்கு அதுதானே பெருமை" என்றாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் அந்தக் கல்யாண மண்டபச் சந்து முனை. எந்த வேன் வந்தாலும் முன்னே பின்னே இரண்டு தடவை எடுத்துத்தான் திரும்பும். நீங்கள் மட்டும் ஒரே ஒடிப்பில் உள்ளே போவீர்கள். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். நீங்கள் அவர் பக்கம் திரும்பவே மாட்டீர்கள். அதில்தான் உங்கள் திமிர் இருந்தது.

திருவானைக்காவலில் நடந்த மோதலில் உங்கள் மேல் தப்பில்லை. முன்னால் போன செங்கல் டிராக்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டீர்கள், இடது சக்கரம் மட்டும் டிரெய்லர் மூலையில் போய் இடித்தது. யாருக்கும் அடியில்லை. வேனைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தீர்கள். ஸ்டியரிங் வேலை என்றால் என்னிடம்தான் போக வேண்டும் என்று எனக்கு ஒரு பேர் இருந்த காலம் அது.

சக்கரத்தைத் திருப்புகிற ராடு வளைந்திருந்தது, மாற்றினேன். அதன் முனையில் இருக்கிற பால் ஜாயின்ட்டும் புதுசு போட்டேன். ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி நேராகப் போகிறது, கையில் ஸ்டியரிங் சாய்ந்து நிற்கிறது. அப்படி நின்றால் அடியில் இன்னும் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உங்கள் வேனோ பழசு, சாமான் லேசில் கிடைக்காது. மறுநாள் காலையில் நீங்கள் வேளாங்கண்ணிக்கு ஆள் ஏற்ற வேண்டும். வெளியே நின்று, "ஆச்சாடா, ஆச்சாடா" என்கிறீர்கள்.

நான் நடு நட்டைக் கழற்றினேன். ஸ்டியரிங்கைத் தூக்கி, அது உட்காருகிற தண்டில் இருக்கிற பல்லில் இரண்டு பல் தள்ளி மாட்டினேன். கண்ணுக்கு நேராக நின்றது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீங்கள் உட்கார்ந்து பிடித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிக்குதுடா" என்றீர்கள். மறுநாள் காலையில் ஒரு வண்டி ஜனத்தை உங்கள் கையை நம்பி ஏற்றிவிட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையில் பிடிக்கிற ஸ்டியரிங்தான் நேரானது. கீழே கோணல் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் ஓட ஓட அந்த வேன் நேர் ரோட்டிலேயே அலைய ஆரம்பித்தது. வலது பக்கம் ஸ்டியரிங் முழுசாக ஒடியவில்லை.

மண்டபச் சந்தில் அது உங்களை முதல் தடவையாகப் பின்னால் எடுக்க வைத்தது. இரண்டாவது தடவை பம்பர் சுவரில் உரசியது. "என்ன பெரியவரே, உங்க வண்டியிலயும் ரிவர்ஸ் கியர் இருக்கா?" என்றாராம் டீக்கடைக்காரர். நீங்களே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்துவிட்டுக் கேட்டீர்கள்.

"டேய், உள்ளதைச் சொல்லு. வண்டியா, என் கையா?"

பட்டறையில் வெளியாட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ரோடு முனைவரை போய்த் திரும்பினேன். திரும்பும்போதே கோளாறு வண்டியில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி வந்து சொன்னேன்: "வண்டி சரியாத்தான் இருக்கு, அண்ணே."

நீங்கள் வலது கையை விரித்துப் பார்த்தீர்கள், மூடினீர்கள், மறுபடி விரித்தீர்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பீர்கள். சொன்னது நான்.

அப்புறம் கண்ணில் கோளாறோ என்று ஆபரேஷன் செய்துகொண்டீர்கள். அப்புறமும் வண்டி அலைந்தது. ஒரு நாள் காவேரிப் பாலத்தில் உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வேன் ஒதுங்கிப் போய், பின்னால் வந்த பஸ்காரன் கத்திவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் அவள் சாவியைக் கேட்டாள். நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

இந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

வேனை உடைக்கப் போட்டபோது நான் அங்கே போய், இடது சக்கரத்துக்குப் பின்னால், அதைத் திருப்புகிற இரும்புக் கையான ஆர்மைக் கழற்றி வாங்கினேன். நல்ல ஆர்ம் ஒன்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு விரல்கடை வளைந்திருந்தது. மேசைமேல் கிடப்பது அதுதான். இதைப் பையில் போட்டுக்கொண்டு உங்களைப் பார்க்க எத்தனையோ தடவை வந்தேன். "கை போச்சுடா, அவ்வளவுதான்" என்று சொல்லி எனக்குக் காப்பி போடச் சொல்வீர்கள். நான் குடித்துவிட்டு, பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவேன்.

"சாவியை வாங்கினது நான்தானே சித்தப்பா" என்றாள்.

"நீ வண்டியைப் பார்த்து வாங்கினே. வண்டியை அப்படி ஆக்கினது நான்."

"இதையும் எழுதணுமா? எல்லாருக்கும் முன்னாடி நான்தான் படிக்கணும்."

"இதுக்குத்தாம்மா வந்தேன்."

பிறகு எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாதே, படித்துக் காட்டச் சொன்னேன். ஒரு வார்த்தைகூட விடாமல் படித்தாள். படித்து முடித்து, இரும்பைத் துணியில் சுற்றி என் பக்கம் தள்ளினாள்.

"இதை நீங்களே வச்சுக்குங்க."

பையில் போட்டுக்கொண்டேன். எங்கே போனாலும் இது என்னோடு வரும். புதன்கிழமையும் கொண்டுவருவேன். அன்றைக்கு அவள் வாயால் எல்லாரும் கேட்கட்டும். நீங்கள் கேட்டதற்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

வண்டிதான், அண்ணே. உங்கள் கை இல்லை.