சோதனை மெத்தை

குண்டா,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். திட்டிக்கொண்டாவது படி.

நாம் ஆரம்பித்த மெத்தைக் கம்பெனி நன்றாகவே ஓடுகிறது. புதிதாக இரண்டு தையல் மெஷின் வாங்கியிருக்கிறேன். உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. இப்போது அதில் பஞ்சு மூட்டை உட்கார்ந்திருக்கிறது, கிட்டத்தட்ட உன்னைப் போலவே.

ஒவ்வொரு மெத்தையிலும் முதலாளியே ஐந்து நிமிஷம் படுத்துப் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று நாம் வைத்த வழக்கத்தை நான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அப்படிப் படுத்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. வலி ஒன்றுமில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது. தையல் அக்கா ஓடிப்போய் ஷட்டரை இறக்கினார். வாசலில் நின்ற வாடிக்கையாளரிடம், "முதலாளி மெத்தைய சோதிச்சிக்கிட்டு இருக்காரு, நாளைக்கு வாங்க" என்றார். பிறகு ஈரமான உறையைக் கழற்றித் தானே துவைத்துப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமையாவது மூடுடா, பைத்தியம் பிடிச்சிடும்" என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு நீ சொன்னாய். "தூக்கம்தான் பெருசுன்னா வீட்டுக்குப் போ" என்றேன். போய்விட்டாய்.

நேற்று மனநல டாக்டரிடம் போனேன். தூக்கம் வந்து ஏழு மாதம் ஆகிறது என்று சொன்னேன். என்ன தொழில் என்று கேட்டார். வெட்கமாகிவிட்டது. துணி வியாபாரம் என்று புளுகிவிட்டேன்.

அவர் கொடுத்த படிவத்தில், அவசரமென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. யோசிப்பதற்குள் கை உன் நம்பரை எழுதிவிட்டது.

அதை நீ மாற்றிவிடவில்லையே?

உன் பழைய கூட்டாளி