இருபத்து மூன்று ஆரல்களை விலாங்கு என்று எழுத மறுத்தவரின் பணிநீக்கம் குறித்து

அனுப்புநர்:
சம்பூர்ணம் சாமிதுரை (வயது 77),
க/பெ. காலஞ்சென்ற சாமிதுரை,
12, ஆற்றங்கரைத் தெரு,
நெடுங்கரைமேடு,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
மருதையாறு விலாங்கு கண்காணிப்புத் திட்டம்,
பெரம்பலூர்.

பொருள்: நெடுங்கரைமேடு தடுப்பணையில் விலாங்குக் குஞ்சுகளை எண்ணி வந்த திருமதி பாப்பாத்தியைப் ‘பொய்ப் பதிவு செய்தவர்’ எனக் கூறி நீக்கிய உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 17.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடலில் பிறந்த விலாங்குக் குஞ்சுகள் கொள்ளிடம் வழியாக மருதையாற்றில் ஏறி, பெரம்பலூர்ப் பக்கத்து ஏரிகள் வரை செல்கின்றன என்பதும், எங்கள் ஊர்த் தடுப்பணை அவற்றை மறிக்கிறது என்பதும் தாங்கள் அறிந்தவையே. அதற்காகவே அணைச் சுவரில் தேங்காய் நார்க் கயிறுகளைத் தொங்கவிட்டு, நீர் கசியச் செய்து, மேலே ஒரு தொட்டி வைத்தீர்கள். குஞ்சுகள் ஈர நாரைப் பற்றி ஏறித் தொட்டியில் விழும். காலை ஆறு மணிக்கு பாப்பாத்தி அவற்றை எண்ணி, பதிவேட்டில் எழுதி, அணைக்கு மேல்புறம் விடுவார். அணை என் தெருக்கோடியிலேயே இருப்பதால், ஊர்ச் சாட்சி என்ற முறையில் நான் நேரில் பார்த்துக் கையொப்பமிடுவேன். இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. இதை யோசித்தவரைப் பாராட்டுகிறேன். அவர் இப்போது தங்கள் அலுவலகத்தில் பணியில் இல்லை என்று கேள்விப்படுகிறேன்.

2. செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 9 வரை இருபத்தெட்டு நாள்களில் ஏறிய குஞ்சுகள் 164. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் பதினான்கு. எல்லாவற்றுக்கும் என் கையொப்பம் உண்டு. நான் பார்க்காத எதற்கும் கையொப்பமிடும் பழக்கம் எனக்கு இல்லை.

3. அக்டோபர் 13 அன்று தாங்கள் ஆய்வுக்கு வரப்போவதாக முன்கூட்டியே தகவல் வந்தது. உயர் அலுவலர் வருகை என்றால் எங்கள் பகுதியில் முதலில் வருவது பெயிண்ட்தான். அணையின் கைப்பிடிச் சுவர், மைல்கல், வேப்பமரத்தின் அடிப்பகுதி, குடிநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு அடித்த பின்பும் பச்சை எனாமல் மீந்துவிட்டது. திட்ட மேற்பார்வையாளர் திரு. ஜெயசீலன் அதை வீணாக்க விரும்பவில்லை. அக்டோபர் 9 மாலை, நார்க் கயிறுகள் அனைத்துக்கும் இரண்டு பூச்சு அடிக்கச் செய்தார். “சார், குஞ்சு வழுக்கிரும் சார், நாரு சொரசொரன்னு இருந்தாத்தான் ஏறும்” என்று பாப்பாத்தி சொன்னார். “அதிகாரி வர்ற நேரத்துல அழுக்குக் கயித்தயா காட்ட சொல்ற? மீனுக்கு என்னாம்மா, கலரா தெரியும்?” என்பது பதில். கயிறுகள் மிகவும் பளபளப்பாக இருந்தன. அடுத்த நாள் முதல் ஒரு குஞ்சும் ஏறவில்லை. அக்டோபர் 10, 11, 12 ஆகிய மூன்று நாள்களுக்கும் பாப்பாத்தி பூஜ்யம் எழுதினார். நானும் கையொப்பமிட்டேன்.

4. அக்டோபர் 13 காலை ஏழேகால் மணிக்கு ஒரு மினி வேனில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் வந்து இறங்கியது. அதிலிருந்த மீன்கள் ஜெயங்கொண்டம் மீன் மார்க்கெட்டில் வாங்கியவை. டிரம்மின் மூடியில் கடையின் பெயர் இருந்ததால் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. திரு. ஜெயசீலன் அவற்றைத் தம் கையாலேயே தொட்டிக்குள் விட்டார். விட்டவை இருபத்து மூன்று. எண்ணிக்கையில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

5. ஆட்சேபம் என்னவென்றால், அவை விலாங்கு அல்ல, ஆரல். ஆரலுக்கு மூக்கு கூராக இருக்கும், முதுகில் முள் வரிசை இருக்கும். விலாங்குக்கு முள் கிடையாது. தொட்டியில் விடும்போது திரு. ஜெயசீலனின் வலது ஆள்காட்டி விரலில் முள் குத்தி இரத்தம் வந்தது. என் வீட்டிலிருந்துதான் பஞ்சும் மருந்தும் வரவழைத்துக் கொடுத்தேன். அன்று தங்களுக்கு மாலை அணிவித்த விரல்களில் ஒன்றில் கட்டு இருந்ததைத் தாங்கள் கவனித்திருக்கலாம். அந்தக் கட்டுதான் என் முதல் சான்று.

6. பதிவேட்டில் ‘விலாங்கு 23’ என்று எழுதுமாறு பாப்பாத்தியிடம் சொல்லப்பட்டது. நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். காதில் விழுந்ததை மாற்றாமல் தருகிறேன்.

“ரெண்டும் நீளமாத்தானம்மா இருக்கு. எழுதிட்டுப் போயேன்.”

“நீளமா இருக்கறதெல்லாம் விலாங்குன்னா, தண்ணிப் பாம்பையும் சேத்து எழுதிரலாங்களா சார்? கணக்கு இன்னும் கூடுமே.”

அதன் பின் அவர் எழுதியது: “ஆரல் 23. டிரம்மில் வந்தவை. விலாங்கு இல்லை.” எட்டாம் வகுப்பு வரை படித்தவரின் கையெழுத்து. ஒரு பிழையும் இல்லை. திருச்சியில் நான் படித்த கான்வென்ட்டில் மீனின் படத்தில் பாகங்களைத் தவறாகக் குறித்தவர்கள் பெஞ்சு மீது நிற்க வேண்டும். அந்த வழக்கம் தங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் அன்று பெஞ்சுகள் போதாமல் போயிருக்கும்.

7. பத்து மணிக்குத் தாங்கள் வந்தீர்கள். ஓர் ஆரலை இரு கைகளிலும் ஏந்தி, “மருதையாற்றுக்கு விலாங்கு திரும்பிவிட்டது” என்று பேசினீர்கள். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை. அந்தப் புகைப்படம் திட்டத்தின் அரையாண்டு அறிக்கைக்கு அட்டைப் படமாக வந்திருக்கிறது. தங்கள் தோற்றம் நன்றாகவே இருக்கிறது. மீனின் முதுகு முள்களும் தெளிவாகத் தெரிகின்றன. அறிக்கை இன்னும் பரவலாக அனுப்பப்படவில்லை என்றால் தங்கள் நன்மைக்காகவே இதைத் தெரிவிக்கிறேன்.

8. நான்கு நாள் கழித்துப் பார்வையில் கண்ட உத்தரவு வந்தது. “திட்டத்தின் நோக்கத்துக்கு ஊறு விளைவிக்கும் வகையில் பொய்ப் பதிவு செய்தமைக்காக” பாப்பாத்தி நீக்கப்பட்டிருக்கிறார். அவருக்கு வயலில் வேலை இருக்கிறது, கைகளும் இருக்கின்றன. ஆனால் ‘பொய்’ என்ற அந்தச் சொல் ஊருக்குள் வந்துவிட்டது. நடவு வயலில் பெண்கள், “என்னா பாப்பாத்தி, விலாங்கு ஒன் கையிலேருந்தே வழுக்கிட்டுப் போயிடுச்சா?” என்று கேட்கிறார்கள். முதல் வாரம் அவரும் சேர்ந்து சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை. மகளிர் குழுவில் பத்து ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வந்தவர் அவர். அதையும் தாமே வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, ஐயா. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டார்.

9. அக்டோபர் 18 முதல் பதிவேட்டைத் திரு. ஜெயசீலனே எழுதுகிறார். தினமும் இருபத்து மூன்று. மழை பெய்த நாளும் இருபத்து மூன்று. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நாளும் இருபத்து மூன்று. இவ்வளவு ஒழுக்கமான மீன்களை நான் கண்டதில்லை. சாட்சிக் கையொப்பமிடும் இடத்தில் ‘சாட்சி வெளியூர்’ என்று எழுதப்படுகிறது. முழங்கால் வலியால் நான் தெருக்கோடி தாண்டியே மூன்று மாதமாகிறது. இதே கயிறுகளைப் பச்சை அடித்துக் குரும்பலூர் வரை மேலும் ஆறு தடுப்பணைகளில் தொங்கவிட, இந்தப் பதிவேடுதான் ஆதாரமாகக் காட்டப்படுகிறது என்று அறிகிறேன்.

10. இனி நான் செய்த குற்றம். நவம்பர் 15 அன்று, அனுமதி பெறாமல், புதிய நார்க் கயிறு ஒன்றை வாங்கிப் பாப்பாத்தியிடம் கொடுத்தேன். அவர் அதைப் பச்சைக் கயிறுகளுக்குப் பக்கத்தில் கட்டி, தொட்டிக்குப் பதிலாகத் தம் வீட்டு அலுமினியக் குண்டானை முறைப்படி மேலே வைத்தார். அரசுச் சுவரில் கயிறு கட்டியதற்கு என்ன தண்டனையோ அதை என் பெயருக்கு அனுப்புக. நவம்பர் 17 அன்று நான்கு குஞ்சுகள் ஏறின. 18 அன்று ஏழு. பச்சைக் கயிறுகளில் ஒன்றும் இல்லை.

11. நவம்பர் 19 காலையில் பாப்பாத்தி குண்டானை என் வாசலுக்கே கொண்டுவந்து எண்ணினார். பன்னிரண்டு என்றார். நான் மகிழ்ந்து எழுதிக்கொண்டேன். அவர் போகாமல் நின்று, ஒவ்வொன்றாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி மீண்டும் எண்ணினார். “பதினொன்னுதாம்மா. ஒன்னு சுருண்டு திரும்புனதுல ரெண்டு தடவ எண்ணிட்டேன். அடிச்சிட்டு எழுதுங்க” என்றார். பன்னிரண்டே இருக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. எழுபத்தேழு வயதில் இதை ஒப்புக்கொள்வது எளிதல்ல. அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினேன். தங்கள் அலுவலகம் ‘பொய்ப் பதிவு செய்தவர்’ என்று எழுதியிருப்பது இவரைத்தான்.

ஆகவே அந்த உத்தரவைத் தாங்கள் ரத்து செய்து, அதில் உள்ள அந்தச் சொல் தவறு என்பதை எழுத்துப்பூர்வமாகப் பாப்பாத்தியின் பெயருக்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு நகலும் தேவை. முதல் உத்தரவு அங்கேதான் ஒட்டப்பட்டது. நேரில் பார்க்க விரும்பினால் எந்த நாளும் காலை ஆறு மணிக்கு வரலாம். முன்கூட்டித் தெரிவிக்காமல் வருமாறு வேண்டுகிறேன். தெரிவித்தால் பெயிண்ட் வந்துவிடும்.

நாள்: 21.11.2025
இடம்: நெடுங்கரைமேடு

தங்கள் பதில் வரும்வரை
தினமும் எழுதிக் கையொப்பமிடவிருக்கும்,
சம்பூர்ணம் சாமிதுரை

இணைப்பு: நவம்பர் 17 முதல் 20 வரையிலான எண்ணிக்கைத் தாள் ஒன்று. 19ஆம் தேதிக்கு எதிரே உள்ள அடித்தல் என்னுடையது; திருத்தம் பாப்பாத்தியுடையது.