வலைக்கு வெளியே ஒரு முயல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் மகள், நம் மிளகுக்குட்டி, நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், சளி போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் உறையைப் பார்த்ததுமே பயந்துவிடுவாய்.

போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் அழுவேன், பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். நீ போன நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கடல் தாண்டிப் போய் நீ நர்ஸ் வேலை பார்க்கும் அந்த முதியோர் இல்லத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று கேட்டிருந்தாய். என் வீட்டுக்காரரும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். சொல்கிறேன். அதற்கு முன்னால் முயல் கதையைக் கேள். அது வேறு, இது வேறு என்று எனக்கு இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்யும்போது, வளர்த்த முயல்களைக் கூண்டைத் திறந்து விட்டுவிட்டுப் போனார்கள் என்று சொன்னேன் அல்லவா. பாவம், மேய்ந்துவிட்டுப் போகட்டும் என்று நான்தான் பெரிய மனது பண்ணினேன். அந்தப் பாவம் பெருகிப் பெருகி இப்போது நம் கொல்லைப்புறம் முழுக்கத் துள்ளுகிறது. நீ போட்ட கீரைப் பாத்தி மொட்டை. அவரைக் கொடியைக் கத்தரிக்கோல் வைத்து வெட்டியது போலத் தரையோடு நறுக்கிவிட்டன. கேரட்டை மட்டும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. முயலுக்குக் கேரட் என்றால் உயிர் என்று படம் போட்டவனை ஒருநாள் நான் நேரில் பார்க்க வேண்டும்.

ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மிளகாய்த்தூளைத் தூவினார். காற்று திரும்பி அடித்து, அன்று முழுக்கக் கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். சோப்பைச் சீவித் தொங்கவிட்டார். சலூனிலிருந்து முடி வாங்கி வந்து பாத்தியைச் சுற்றிப் போட்டார். மனித வாடைக்கு முயல் வராதாம். வந்தது மட்டுமில்லை, அதன் மேலேயே சொகுசாக உட்கார்ந்து தின்றன. பின் வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு சார், விஷ உருண்டை வைத்தால் ஒரே நாளில் சுத்தம் என்றார். தரையில் எது கிடந்தாலும் வாயில் போடுகிற பிள்ளை இருக்கும் வீடு, அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். அவருடைய ரோஜாச் செடிகளும் போய்விட்டனவாம். அதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் கம்பி வலை வாங்கி வந்து பாத்தியைச் சுற்றி அடித்தார். முயல் தோண்டிக்கொண்டு வந்துவிடும் என்று வலையின் அடியை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தார். மிளகு கூடவே நின்று மண்ணை மிதித்து அமுக்கினாள். அன்று சாயங்காலமே ஒரு பழுப்பு முயல் வலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மூலையில் பிறாண்டும், அடுத்த மூலைக்கு ஓடும், எழுந்து நின்று முன்கால்களை வலையில் வைக்கும். "பாத்தியா, எப்படித் தவிக்குது" என்று இவருக்கு ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். மறுநாளும் வந்தது, இருட்டும்வரை போகவில்லை. அப்படி என்ன நாக்கு கேட்கிறது இதற்கு என்று திட்டினேன்.

அதற்கடுத்த நாள் காலையில் களை பிடுங்கப் பாத்திக்குள் இறங்கினேன். ஓரிடத்தில் கால் பொதக்கென்று உள்ளே போனது. மண்ணை விலக்கினால் கை நிறைய முடி. சலூன் முடி இல்லை, முயல் தன் உடம்பிலிருந்தே பிடுங்கிப் பரப்பியது. அதற்குள் ஐந்து குட்டிகள். கண் திறக்காத குட்டிகள். வயிறு ஒட்டித் தோல் சுருங்கிக் கிடந்தன. ஒன்று அசையவே இல்லை. அந்தப் பழுப்பு முயல் கீரைக்காக வரவில்லை அக்கா. குட்டிகளை உள்ளே வைத்து நாங்கள் வேலி போட்டிருக்கிறோம். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ வருத்தப்படுவாய் என்று இதுவரை சொல்லவில்லை. நாம் பேசும் அந்தப் பழைய போனைத்தான் மிளகு அம்மா என்கிறாள். அதில் தெரியும் உன் முகத்தை இல்லை, போனை. நீ கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள், அவளுக்கு என்ன தெரியும். மணி அடித்தால் "அம்மா அடிக்குது" என்பாள். சார்ஜ் தீர்ந்தால் "அம்மா தூங்கிடுச்சு". முதலில் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு நாங்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டோம். இவர் வேலைக்குக் கிளம்பும்போது "அம்மாவ சார்ஜ்ல போட்டாச்சா" என்று கேட்பார். "அம்மா ஜன்னல் மேல இருக்கு" என்று நான் சொல்வேன். ஒருவரும் திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்று காலை மிளகு என் முதுகுக்குப் பின்னால் நின்று குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் நெளிகின்றன என்று கேட்டாள். அதுங்களுக்கு அம்மா வேண்டும், பசிக்கிறது என்று சொன்னேன். உள்ளே ஓடினாள். போனை எடுத்து வந்து குழிக்குள் குட்டிகளுக்கு நடுவில் செருகி, "இந்தா, அம்மா" என்றாள். முடியை இழுத்து அதன் மேல் மூடியும் விட்டாள். பிறகு, சரியாகச் செய்தேனா என்பது போல என் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

போனை எடுத்துத் துடைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன். கட்டிங் பிளேயரை எடுத்து வந்து வலையை வெட்டினார். கம்பி கிழித்துக் கையில் ரத்தம் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. செத்துப் போனதை எடுத்து மதில் ஓரமாகப் புதைத்தார். சாயங்காலம் மூன்று பேரும் சமையலறை ஜன்னலில் நின்று காத்திருந்தோம். பழுப்பு முயல் வந்தது. மண்ணை விலக்கிவிட்டுக் குழியின் மேல் நின்றது. குட்டிகள் மல்லாந்து படுத்து அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. சற்று நேரம்தான், திரும்ப மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டது. மிளகு மூச்சு விடாமல் பார்த்தாள். பிறகு, "அந்த அம்மா பேசவே இல்லியே" என்றாள். இவர் முகம் கழுவப் போய்விட்டார்.

குட்டிகள் வெளியே வந்து மேயத் தொடங்கியதும் கூண்டு கொண்டுவந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போவதாக முயல் பண்ணைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். தாயையும் குட்டிகளையும் சேர்த்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று இவர் அவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். அதுவரை தின்னட்டும். பின் வீட்டு சாரிடம் நானே போய்ப் பேசினேன். தலையைக்கூட ஆட்டவில்லை, கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினார்.

வலையை வெட்டிய அன்று விளக்கு வைத்த பிறகு நீ கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே உனக்குப் படம் கறுத்துவிட்டது. போனைச் சரியாகப் பிடிக்கச் சொல்லு என்று கத்தினாய். பிறகு சிக்னல் இல்லை என்று நீயே வைத்துவிட்டாய். மறுநாள் நானும் ஆமாம், சிக்னல்தான் என்று சொன்னேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது அக்கா. அவள் மல்லாந்து படுத்து, சட்டையை மேலே தூக்கிவிட்டு, உன்னை வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். நீ கத்திக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடி அசையாமல் கிடந்தாள். நீ வைத்த பிறகும் எடுக்க விடவில்லை.

எனக்கு முடியவில்லை என்று எழுதுவதாக நினைத்துவிடாதே. அவள் எனக்குப் பாரம் இல்லை, இன்னும் பத்து வருடம் என்றாலும் வளர்ப்பேன். ஆனால் நான் எவ்வளவு செய்தாலும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மா என்ற சொல்லை எனக்குத் தரவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள். மிளகின் அப்பா இறந்த பிறகு இந்த வீட்டைக் காப்பாற்றத்தான் நீ போனாய், எனக்குத் தெரியும். இனி வீட்டை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். இவரும் அதைத்தான் சொல்கிறார், எழுதச் சொன்னதே இவர்தான்.

கையெழுத்துப் போடாதே. கிளம்பி வா. முதல் நாள் உன்னைப் பார்த்து அழுவாள், என் புடவைக்குப் பின்னால் ஒளிவாள், அம்மாவைக் கொடு என்று உன்னிடமே கேட்பாள். அதற்கெல்லாம் மனதைத் தயார்படுத்திக்கொண்டு வா. எங்களுக்கு எதுவும் வாங்கி வராதே. வெறும் கையோடு வா அக்கா, அவளைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் தங்கை