டேங்க் நிழல் விழாத இடம்

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் அம்மாவைக் கட்டிக்கொண்டவனுக்கு நீ வைத்த பெயர் அது, எனக்கு நீ மகள்தான். உன் அம்மாவின் இடது கணுக்காலைத் தவிர இந்த வீட்டில் பழுது என்று சொல்ல எதுவும் இல்லை, அந்தக் கணுக்காலும் டாக்டர் எதிர்பார்த்ததற்கு முன்பே தரையில் ஊன்ற ஆரம்பித்துவிட்டது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அங்குள்ள குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசை. போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் அழுவாய், எனக்குப் பொறுமை போய்விடும், பாதியில் வைத்துவிடுவோம். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. அம்மா ஏன் உன் போனை எடுப்பதில்லை என்று எனக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போடுகிறாய் அல்லவா, அதற்குப் பதில்தான் இது.

அம்மா மொட்டை மாடிப் படியில் வாளியோடு விழுந்ததும் கணுக்காலில் பிளேட் வைத்ததும் உனக்குத் தெரியும். அவளோடு மொட்டை மாடியில் செடி வளர்க்கும் மூன்று பேரையும் தெரியும். கீழ்த்தளத்துத் தையல்காரம்மா, எதிர்வீட்டுப் பல் டாக்டர், ரிட்டயரான தபால்காரர். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது நான்கு பேரும் மேலே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னிக்குக் கட்டாயம் வரும் என்பார் தபால்காரர், நேத்தும் இதையேதான் சொன்னீங்க என்பாள் பல் டாக்டர், காத்து திரும்பியிருக்கு பாருங்க என்பார் மறுபடி. மழை வந்துவிட்டால் தாங்கள் கூப்பிட்டு வந்த மாதிரியும், வராவிட்டால் யாரோ வேண்டுமென்றே நிறுத்திவைத்த மாதிரியும் பேசுவார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று பேரும் தனித்தனியாக வந்து, செடியைப் பத்தி கவலைப்படாதே, நான் தண்ணி ஊத்திக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னபடி ஊற்றவும் செய்தார்கள். விடிந்ததும் தபால்காரர் ஊற்றினார், மதியம் தையல்காரம்மா ஊற்றினாள், கிளினிக் முடிந்து வந்து பல் டாக்டர் ஊற்றினாள். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுக்க மொபைல் குரூப்பில் மேகத்தைப் படம் எடுத்துப் போட்டவர்களுக்கு, நீ ஊத்திட்டியா என்று ஒரு வரி கேட்க வாய் வரவில்லை. போதாததற்கு அந்த வாரம் பூராவும் மழை. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகினாலும் இலை வாடித்தான் தொங்கும், தாகத்தில் தொங்குவது போலவே இருக்கும். வாடியதைப் பார்த்துப் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். நான் போய் ஒரு தொட்டியைச் சாய்த்தபோது கறுப்புத் தண்ணீர் கொட்டியது, செத்த எலி நாற்றம் அடித்தது. தக்காளி, மிளகாய், ரோஜா, புதினா, ஒன்றும் மிஞ்சவில்லை. விதைக்காக அம்மா கொடியிலேயே விட்டுவைத்திருந்த ஒற்றைத் தக்காளி உள்ளே கூழாகிவிட்டிருந்தது. அந்த விதையை வருடா வருடம் தானே எடுத்து வைத்து வந்தவள் அவள், கடையில் வாங்கினது இல்லை. அதாவது அது இனி இல்லை.

அன்றே அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று உனக்குப் போன் செய்தேன். நீதான் தையல்காரம்மாவுக்குப் போன் போட்டு, அம்மா மனசு உடைஞ்சா கால் தேறாது, எல்லாம் நல்லா இருக்குன்னே சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டாய். நான் மறுத்தபோது, சித்தப்பா உங்களுக்கு நெஞ்சுக்குள்ள மனசு இருக்கா இல்ல அங்கயும் மோட்டார்தான் ஓடுதா என்று கேட்டாய். சரி, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் மோட்டாரை மட்டும் பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் தையல்காரம்மா தன் செடிகளைப் படம் எடுத்து, உங்க செடி எப்படி இருக்கு பாருங்க அக்கா என்று அம்மாவுக்கு அனுப்பினாள். உனக்கும் அனுப்பினாள், நீயும் ஆஹா ஓஹோ என்று பதில் போட்டாய். அம்மா படுக்கையில் கிடந்தபடி நுனியைக் கிள்ளு, கம்பு நடு என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு களை. இது எத்தனை நாள் ஓடும் என்று நான் காத்திருந்தேன். போன சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு மொபைலை நீட்டினாள். இந்தத் தக்காளி மேல டேங்க் நிழல் விழுது பாருங்க, என் தொட்டியெல்லாம் கிழக்குச் சுவரோரம், காலைல அங்க டேங்க் நிழல் வராது, இது யார் செடி என்றாள். நேரடியாகக் கேட்டதற்கு நேரடியாகச் சொன்னேன். எல்லாம் செத்துப்போச்சு, இது தையல்காரம்மாவோடது என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். விதைத் தக்காளியுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நாளைக்கு மூணு பேரையும் டீக்குக் கூப்பிடுங்க, எனக்குத் தெரியும்னு மூச்சு விடாதீங்க என்றாள்.

வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார வைத்து, அம்மா ஒவ்வொருவராகப் பிடித்தாள். ரோஜா எப்படி இருக்கு என்று தபால்காரரைக் கேட்டாள். மொட்டு விட்டிருக்கும்மா என்றார். என்ன கலர் என்றாள். அதேதாம்மா, உங்க கலர்தான் என்றார். புதினா என்று பல் டாக்டர் பக்கம் திரும்பினாள். தொட்டி கொள்ளல அக்கா, நேத்துகூட கிள்ளினேன் என்றாள் அவள். அப்படியா, கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாமே, மோந்து பாத்து எத்தனை நாளாச்சு என்றாள் அம்மா. டீயில போட்டுட்டேன் அக்கா என்றாள் அவள். நான் டீ ஊற்றுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் அம்மா ரொம்ப சாதாரணமாக, எலுமிச்சை பூத்துடுச்சா என்று கேட்டாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். தையல்காரம்மாதான் முந்தினாள். பூத்திருக்கு அக்கா, படியேறும்போதே வாசனை தூக்குது என்றாள். தேனீகூட வருதும்மா என்றார் தபால்காரர். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். என்ன பேசினாய் என்று உனக்கே ஞாபகம் இருக்கும். எலுமிச்சை போட்டோ பாத்தியாடி என்று கேட்டாள். பாத்தேம்மா, செமையா பூத்திருக்கு, நீ சீக்கிரம் நடந்து போய்ப் பாரு என்றாய். உடனே போன் கட்டாகிப் போனது. லைன் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடித்தாய். லைன் போகவில்லை, அம்மாதான் வைத்தாள். வைத்துவிட்டு மூன்று பேரையும் பார்த்து, நான் எலுமிச்சை வச்சதே இல்லையே என்றாள்.

தையல்காரம்மா அழ ஆரம்பித்தாள். உங்க நல்லதுக்குத்தானே அக்கா என்றாள். என் கால்தான் உடைஞ்சுது, கண்ணு உடையல என்றாள் அம்மா. பல் டாக்டரிடம், நீ பல்லைப் புடுங்கிட்டு வாய்க்குள்ளதான் இருக்கு, நல்லா வெள்ளையா இருக்குன்னு சொல்லுவியா என்று கேட்டாள். தபால்காரர் எழுந்தார். உக்காருங்க, டீயைக் குடிச்சிட்டுத்தான் போகணும் என்றாள். அந்த மனிதர் ஆறிப்போன டீயை எங்கள் முன்னால் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது, அவளுக்கு இல்லை. அதோடு விடவில்லை. மறுநாள், லிஃப்ட் போகாத அந்தக் கடைசிப் படிகளில் நானும் வாட்ச்மேனும் அவளை நாற்காலியோடு மேலே தூக்கிப் போனோம். மூவரையும் வரவழைத்து, ஒவ்வொரு தொட்டியாக அவர்கள் கையாலேயே கவிழ்த்துக் கொட்டச் சொன்னாள். கையுறை போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. தையல்காரம்மா தன் தக்காளிச் செடி ஒன்றைத் தருகிறேன் என்றாள், அதுக்கு உன் பேரையே வச்சுக்கோ என்று பதில் வந்தது. இப்போது காலையில் மேலே யாரும் கூடி நிற்பதில்லை. ஆளுக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். குரூப்பில் மேகம் கூட வருவதில்லை.

இனி உன் விஷயம். அவர்கள் கணக்கை அவள் இரண்டு நாளில் தீர்த்துவிட்டாள், உன் கணக்கைத் தீர்க்கவில்லை. உன் பெயர் திரையில் வந்தால் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறாள். சின்னப் பொண்ணு, உன்மேல இருக்கற பாசத்துல சொன்னது என்று உனக்காக நான் வாதாடினேன். அதற்கு அவள் என்னிடம் கேட்டாள், இல்லாத பூவை இவ்வளவு அழகா பாத்தேன்னு சொல்றவ, வேற என்னென்ன சொல்லியிருக்கா தெரியுமா, தனி ரூம், பெரிய ஜன்னல், மேலதிகாரி தங்கமானவர், காய்ச்சல் ஒரே நாள்ல விட்டுடுச்சு, லீவு நாள்ல கூட்டமா வெளிய போறோம், இதுல எதுங்க நெசம், நீங்க போய்ப் பாத்தீங்களா? நேற்று லிஃப்டில் மேல்வீட்டுப் பெண்மணி, பொண்ணு எப்படி இருக்கா என்று வழக்கம்போலக் கேட்டார். எனக்குத் தெரியாதுங்க, போட்டோவுல நல்லா இருக்கா என்றாள் அம்மா. அந்தப் பெண்மணி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அடுத்த தளத்திலேயே இறங்கிப் போய்விட்டார்.

நான் இன்னொன்றும் சொல்கிறேன். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ எப்போது பேசினாலும் பின்னால் லிஃப்ட் கதவு மூடுகிற சத்தமும் தளத்தில் வந்து நிற்கும் மணியும் கேட்கிறது. அந்த மணி லிஃப்டுக்கு எதிரே நிற்பவர்களுக்குத்தான் அப்படிக் கேட்கும், அறைக்குள் கேட்காது, இது என் தொழில், இதில் எனக்குத் தவறாது. அன்று ஸ்பீக்கரில் யாரோ உன்னைத் தள்ளி நிற்கச் சொன்னதும் கேட்டது. தனி ரூம் இருப்பவள் ஒவ்வொரு தடவையும் போனோடு லிஃப்ட் முன்னால் எதற்கு நிற்கிறாய்? அங்கே எத்தனை பேரோடு இருக்கிறாய், அல்லது எங்கேதான் இருக்கிறாய்? எனக்குப் பதில் எழுத வேண்டாம், அவளுக்கு எழுது. அவள் கணக்குப் போடுகிறவள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்னிடம் திரும்பி, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்பாள். கேட்டால் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் உன் வாயால் வந்துவிட்டால் அவளுக்கு ஒரு மகள் மிஞ்சுவாள்.

உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசுதான் மூத்தவன், ஆசீர்வாதம் சொல்ல வந்துட்டான் என்று நீ சிரித்தாலும் சரி, உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இரு, எந்த நிலையில் இருந்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும் என்பதில் மட்டும் சந்தேகப்படாதே. மறக்காமல் ஒன்று செய், அம்மாவுக்கு எழுதும்போது நலம் என்று ஆரம்பிக்காதே, அந்த வரியோடு மடித்து வைத்துவிடுவாள்.

உன் சித்தப்பா