வேனில் வந்த பதினோரு பேர்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் படி ஏறாதே என்கிறார், அவள் கேட்டால்தானே. மலையில் நல்ல மழை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டுக் கிருபாபாய் டீச்சர், போட்டோ எடுத்து உன் போனுக்கும் அவர்களே அனுப்புவார்கள். மில் பேச்சை எடுத்தாலே, "அப்பா, ஆபீஸ் காரியம், போன்ல வேண்டாம்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன புதன்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு நம் மில்லின் பின்கட்டு ஷெட்டில், பேண்டேஜ் துணியை வேகவைத்து வெளுக்கிற டேங்கின் மூடியை ஆவி இறங்குவதற்கு முன்னாலேயே திறந்துவிட்டார்கள். வன்னியம்பட்டி வெள்ளைத்தாய் மேல் கொதிதண்ணீர் பாய்ந்து, வெள்ளிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. முப்பத்தொரு வயசு. கூட நின்ற நாகஜோதிக்கு இரண்டு கையும் வெந்து இன்னும் அங்கேதான் கிடக்கிறாள். மானேஜர் காளிராஜ் உன் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிற ரிப்போர்ட்டில், ஷெட்டில் வேலையே நடக்கவில்லை, வெள்ளைத்தாய் கழிவுப் பஞ்சு பொறுக்கச் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தவள் என்று இருக்கிறதாம். அதற்குச் சாட்சி பின்கேட் வாட்ச்மேனின் கைநாட்டு. அந்தக் கைநாட்டு என்னுடையதுதான் சத்யா. சனிக்கிழமை அவன் பேப்பரை நீட்டி, "அண்ணாச்சி, புதன்கெழமை நீரு டூட்டியில இருந்தீருன்னு எழுதியிருக்கு, அம்புட்டுதான், வையும்" என்றான், வைத்துவிட்டேன். இன்று காலையில், ஷெட்டுக்கு ஆள் ஏற்றி வருகிற வேன் டிரைவர் சமுத்திரம் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்ன அண்ணாச்சி, செத்தவளத் திருடியாக்கிப்புட்டீரே" என்று காறித் துப்பாத குறையாகக் கேட்டபோதுதான் அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

நடந்தது இதுதான். மெஷினில் விரல் வைத்து முன்கேட்டில் போகிற முந்நூறு பேர்தான் உன் கணக்கில் இருப்பவர்கள். வேனில் வருகிற பதினோரு பேர் விரல் வைப்பதில்லை, கார்டு கிடையாது, பின்கேட்டில் இறங்கி ஷெட்டுக்குப் போவார்கள். புதன்கிழமை வெள்ளைத்தாய்தான் கடைசியாக இறங்கினாள், மணி ஏழு பத்து. செருப்பு வார் அறுந்து கையில் பிடித்திருந்தாள், "தாத்தா, ஊக்கு இருக்கா" என்று கேட்டாள், என் சட்டையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். மற்ற பத்துப் பேரின் பெயரும் ஊரும் யார் எந்த வரிசையில் இறங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும், தனித்தாளில் டீச்சர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முந்தி அந்தக் கேட்டில் இருந்த இருதயம் நோட்டில் ஆள் கணக்குக் குறித்துவைத்ததற்குத்தான் அவருக்கு வேலை போனது. எழுதத் தெரியாதவனாகப் பார்த்து என்னை வைத்திருக்கிறார்கள். பதினோரு வருசம் கழித்து இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

உன்னையும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. நீ ஐந்து தேசத்து மில்லுகளையும் ஒரே திரையில் பார்க்கிறவள். வியட்நாம் மில்லில் வெள்ளம் புகுந்ததும் அந்த ஆர்டரை இங்கே திருப்பிவிட்டாய், கப்பல் தேதி மட்டும் மாறக்கூடாது என்றாயாம். அன்றிலிருந்து டேங்க் ஆறவே இல்லை. ஆறு மணி நேரம் வேகவேண்டியதை நாலு மணி நேரத்தில் திறந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் போலீசில் போய் என் வாயால் சொல்லப்போகிறேன். "புள்ள வேலையில மண்ணள்ளிப் போடாதீரும்" என்று அம்மா இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. உன்னைக் கேள்வி கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதற்காக ஆர்டரை இங்கே நிறுத்திவிட்டு வேறு தேசத்துக்குத் திருப்பிவிடாதே, முந்நூறு குடும்பம் தெருவில் நிற்கும், அங்கேயும் ஒரு பின்கேட் இருக்கும். அந்தப் பத்துப் பேரையும் கணக்கில் ஏற்றச் சொல். வெள்ளைத்தாய் வேலைக்கு வந்தவள் என்று எழுதச் சொல்.

இதன் அடியிலும் நான் கைநாட்டுதான் வைக்க முடியும். அதை நம்புவதா இதை நம்புவதா என்று உனக்குத் தோன்றலாம். போன பொங்கலுக்கு நீ வந்தபோது எனக்கு இட்லி எடுத்துக்கொண்டு பின்கேட்டுக்கு வந்தாய், வேன் வந்து நின்றது. "இவிய யாருப்பா, கார்டு இல்லாம உள்ள போறாவ" என்று கேட்டாய். "பஞ்சு பொறுக்க வாரவிய தாயி" என்றேன். அந்தப் பொய்யை முதலில் சொன்னது காளிராஜ் இல்லை, நான்தான். நீ ஷெட்டுக் கூரையில் ஆவி எழும்புவதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். பொறவு தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டாய். இன்றுவரை இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பேரனுக்கு என் முத்தம். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போகிறேன், அதற்கு முன்னால் பேசு.

இப்படிக்கு
உன் அப்பா சங்கையா
(இடது கைப் பெருவிரல் ரேகை)